விரைவை ஆண்ட விஞ்ஞானி ஆசார்ய ஜகதீச சந்திர போஸ்

செஞ்சி இராஜகிரிக் கோட்டையின் உச்சிக்கு ஏறிச் சென்றவர் அனைவரும் அந்தப் பாலத்தை அறிவர். உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பாக மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. இயற்கையாக அமைந்த அப்பிளவை மேலும் வெட்டி, ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பள்ளமாக ஆக்கி, அதன்மேல் வேண்டும்போது போடவும் வேண்டாதபோது எடுக்கவும் கூடிய மரப்பாலம் ஒன்றை அக்காலத்தார் அமைத்தனர். பாலம் இருந்தால் வழி உண்டு. பாலம் இல்லையேல் வழி இல்லை. இடைப்பட்ட நிலை என்று ஒன்று கிடையாது.

மின்சாரத்தைத் திறக்கவும் மூடவும் பயன்படும் ஒவ்வொரு கருவியும் இத்தகைய பாலமே என்று நான் கருதுகிறேன். பாலத்தைப் போடுவது எளிது. பகைவன் வரும்போது அதை எவ்வளவு விரைவில் திரும்ப எடுக்க முடியும் என்பதில்தான் கோட்டையின் உயிர் இருக்கிறது. மின்கருவியிலும் அப்படியே. இந்தத் திரும்பும் விரைவைப் பற்றி, நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்பே, வசதி ஏதுமற்ற ஒரு சிற்றறையில் அமர்ந்து சிந்தித்து வெற்றி கண்ட இந்தியர் ஒருவர் இருந்தார். அவரே ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் ஆவார். செடிக்கும் உணர்வு உண்டு என்று சொன்னவர் என்ற அளவிலேயே நம் பள்ளிப் பாடங்கள் அவரை நமக்கு அறிமுகம் செய்தன. அவர் வாழ்வின் மறுபக்கத்தை இக்கட்டுரையில் என்னால் இயன்ற அளவு எடுத்துரைக்க விழைகிறேன்.

பிறப்பும் கல்வியும்

ஜகதீசர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் டெபுடி மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் அதிகாரிகளின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதே பெருமை எனக் கருதப்பட்டது. பகவான் சந்திரரோ தம் மைந்தரைத் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே ஒரு பக்கம் மீனவர் மகனும் மறுபக்கம் தந்தையாரின் ஏவலர் மகனும் அமர, நடுவே ஜகதீசர் அமர்ந்து படித்தார். நீரில் வாழும் உயிர்களையும் வயலில் விளையும் பயிர்களையும் பற்றி அத்தோழர்கள் சொன்ன செய்திகளே அவர் உள்ளத்தில் இயற்கை ஆர்வத்தை முதன்முதலில் விதைத்தன.

பின்னர் கல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரியில் பயின்றார். அங்கு இயற்பியல் கற்பித்த லாஃபோன் பாதிரியார் சோதனைகளைச் செய்து காட்டிப் பாடம் நடத்துவதில் வல்லவர். எதையும் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து மாணவருக்கு வந்தது. 1880இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்ற ஜகதீசர், உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர் ரேலி பிரபு அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். 1884இல் கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் பட்டங்கள் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக அமர்ந்தார். அக்கல்லூரியில் ஒரே வேலைக்கு இரு வகை ஊதியம் இருந்தது. ஐரோப்பியர் பெறும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு. அதுவும் தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதிதான் ஜகதீசருக்குத் தரப்பட்டது. அவர் கூச்சலிடவில்லை, பணியைத் துறக்கவும் இல்லை. நாள் தவறாமல் வகுப்பெடுத்தார்; ஆனால் சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன.

தந்தையார் தொழில் முயற்சிகளில் பொருள் இழந்து கடன்பட்டிருந்த காலம் அது. 1887இல் திருமணமும் நடந்தது. துணைவியார் அபலா அம்மையார், 1882இல் வங்கத்திலிருந்து நம் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர். உடல்நலம் இடந்தராமையால் படிப்பை முடிக்க இயலாதவர். இல்லத்தில் வறுமை இருந்தபோதும் கொண்ட உறுதியைக் கணவரும் தளர்த்தவில்லை, மனைவியாரும் தளர்த்தச் சொல்லவில்லை. இறுதியில் கல்லூரி நிர்வாகம் பணிந்தது. முழு ஊதியமும் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது. அத்தொகையைக் கொண்டு தந்தையாரின் கடனை அடைத்தார். போராட்டம் என்றால் வேலையை நிறுத்துவது என்று மட்டுமே எண்ணும் நமக்கு, வேலையை மேலும் சிறப்பாகச் செய்தே ஒரு போரை வெல்லலாம் என்பதற்கு இது சான்றாகும்.

24 சதுர அடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம்

1894ஆம் ஆண்டு, தம் முப்பத்தாறாவது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சியே தம் வாழ்வு என அவர் உறுதி பூண்டார். கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் என்று சொல்லத்தக்கது இல்லை. குளியலறையை ஒட்டிய 24 சதுர அடி இடம் கிடைத்தது. கருவிகள் செய்ய, தகர வேலை செய்யும் ஒருவரைத் தம் சொந்தச் செலவில் அமர்த்திக்கொண்டார்.

ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1888இல் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியிருந்தார். அவை பல சென்டிமீட்டர் முதல் சில மீட்டர் வரை நீளமுடையவை. சிறிய அறைக்கு அவ்வளவு நீண்ட அலைகள் பொருந்தா. அலையைக் குறுக்கினால் கருவியும் குறுகும் என ஜகதீசர் கண்டார். 2.5 சென்டிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை அலை நீளத்தைக் குறைத்தார். 5 மில்லிமீட்டர் அலை என்றால் வினாடிக்கு 6000 கோடி அதிர்வுகள்! இன்று செல்பேசித் துறையினர் போற்றும் மில்லிமீட்டர் அலைகள் இவையே. இடவசதி இல்லை என்ற குறையே புதிய துறை ஒன்றைத் திறந்துவிட்டது.

அவர் கையாண்ட பொருள்களைக் கேட்டால் வியப்பு மேலிடும். முறுக்கிய சணல் இழைகளைக் கொண்டு அலையின் தளத்தைத் திருப்பிக் காட்டினார். இரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் தாள்களுக்கிடையே ஈயத்தாள் போன்ற மெல்லிய உலோகத் தகடுகளைச் செருகி, அதையே அலைகளை வடிகட்டும் கருவியாக ஆக்கினார். அலைகளைத் திரட்டப் புனல் போன்ற உலோகக் குழல்களைச் செய்தார்.

1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் மக்கள் முன்னிலையில் ஒரு காட்சி நடத்தினார். ஓர் அறையிலிருந்து கிளம்பிய அலை, கம்பி ஏதுமின்றிச் சுவர்களைக் கடந்து சென்று, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. தொலைவிலிருந்தே ஒரு கருவியைத் திறந்து மூடும் கலையின் தொடக்க நாள்களில் அதுவும் ஒன்று. 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரி 29ஆம் நாள் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் புகழ்பெற்ற வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவை அவர் நிகழ்த்தினார்.

தட்டாமல் திரும்பும் கருவி

இனி நான் முதலில் சொன்ன பாலத்திற்கு வருகிறேன். வரும் அலையை உணர்வதற்கு அக்காலத்தில் கோகியரர் என்னும் கருவி பயன்பட்டது. 1890இல் பிரான்சு நாட்டு பிரான்லி கண்டறிந்த நெறியில் அமைந்தது அது. ஒரு கண்ணாடிக் குழாயில் இரும்புத் துகள்கள் இருக்கும். சாதாரணமாக அத்துகள்கள் வழியே மின்சாரம் எளிதில் பாயாது. அலை வந்து பட்டவுடன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்துக்கு வழி விடும். பாலம் விழுந்துவிட்டது!

ஆனால் அலை நின்ற பிறகும் துகள்கள் ஒட்டியபடியே இருக்கும். அடுத்த அலையை உணர வேண்டுமாயின் குழாயைத் தட்டித் துகள்களைப் பிரிக்க வேண்டும். இதற்கென்றே ஒரு சிறு சுத்தியலை இணைத்தனர். அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. சுத்தியலோ தன் கனத்துக்கேற்ற வேகத்தில்தான் அசையும். ஆகவே நிமிடத்துக்கு ஒரு பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேல் செய்தி அனுப்ப இயலவில்லை. வேகத்துக்குத் தடை அலையில் இல்லை, உணர்வதிலும் இல்லை. பழைய நிலைக்குத் திரும்புவதில்தான் இருந்தது.

ஜகதீசர் இதை நன்கு உணர்ந்தார். முதலில் இரும்புத் துகளுக்குப் பதிலாகச் சிறு எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் மீதுள்ள அழுத்தத்தைத் திருகாணி கொண்டு கூட்டவும் குறைக்கவும் வகை செய்தார். எங்கோ தாறுமாறாகக் கிடந்த துகள்களின் இடத்தில், மனிதனின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தொடுமுனைகள் வந்தன. பின்னர் பல உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, எது ஒட்டிக்கொள்கிறது, எது தானே விலகுகிறது என்று பட்டியலிட்டார். 1899 ஏப்ரலில் இலண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைக்கப்பட்ட கட்டுரையில், தானே மீளும் கோகியரரை விளக்கினார். ஒரு சிறு கிண்ணத்தில் பாதரசம். அதன்மேல் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். அப்படலத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் இரும்பு வட்டு. அலை வரும்போது படலம் வழி விடும். அலை நின்றதும் தானே மூடிக்கொள்ளும். சுத்தியல் வேண்டாம். ஒலியைக் கேட்க டெலிபோன் காதுக்குழல் ஒன்று போதும்.

1901 டிசம்பர் 12ஆம் நாள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த சமிக்ஞையை மார்க்கோனி பெற்றபோது, அவர் கையிலிருந்ததும் டெலிபோனுடன் இணைந்த பாதரசக் கோகியரரே. அதை இத்தாலியக் கடற்படையைச் சேர்ந்த சோலாரி அவருக்குத் தந்திருந்தார். அதன் மூலம் ஜகதீசரின் 1899ஆம் ஆண்டுக் கட்டுரையே என்று 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு வாதிட்டது.

இதற்கு அடுத்த படியாக, கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தை உணர்கருவியாகப் பயன்படுத்தினார். அசையும் பகுதி எதுவும் இல்லாத கருவி அது. இன்றைய குறைகடத்திகளுக்கு முன்னோடி எனலாம். அதற்கு 1901இல் விண்ணப்பித்து 1904 மார்ச் 29ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது; எண் 755840.

இன்றைய சிறு கணினிப் பலகையும் அதே கேள்வியும்

இவையெல்லாம் பழங்கதை என்று சிலர் எண்ணலாம். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இன்று நம் மாணவர் கையில் தவழும் ராஸ்பெரி பை போன்ற சிறு பலகைகளில் லினக்ஸ் இயங்குகிறது. அப்பலகையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் உலோக முனைகளை நாம் 'பின்' என்கிறோம். ஒரு பின்னில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் விளக்கு எரியும், மோட்டார் சுழலும். அந்தப் பின் ஒரு பாலம். அதை ஒரு வினாடியில் எத்தனை முறை போட்டு எடுக்க முடியும்?

எளிய வழி, பின்னை ஒரு கோப்பாகக் காட்டும் லினக்ஸின் பழைய ஏற்பாட்டில் 1 என்றும் 0 என்றும் மாறி மாறி எழுதுவது. ஒவ்வொரு எழுத்துக்கும் நிரல் கெர்னலின் வாசலுக்குச் சென்று, அனுமதி பெற்று, வேலை முடிந்து திரும்ப வேண்டும். ஷெல் நிரலாக இதைச் செய்தால் முதல் வகை ராஸ்பெரி பை பலகையில் வினாடிக்குச் சில ஆயிரம் முறையே கிடைக்கும். அதே பலகையில், பின்களை ஆளும் ரிஜிஸ்டர்களின் முகவரியை நிரலின் நினைவகப் பரப்பிலேயே பொருத்திக்கொண்டு, சி மொழியில் நேரடியாக எழுதினால் வினாடிக்கு 2 கோடி முறை வரை எட்டலாம். பின்னும் அதுவே, பலகையும் அதுவே. இடையில் நின்ற சுத்தியல் மட்டும் அகன்றுவிட்டது. அப்பலகையில் பின்னை உயர்த்த ஒரு ரிஜிஸ்டரும் தாழ்த்த வேறொரு ரிஜிஸ்டரும் தனித்தனியே உள்ளன. பழைய மதிப்பைப் படித்துத் திருத்தி எழுதும் வேலையும் இதனால் மிச்சமாகிறது.

வேகம் கிடைத்தாலும் ஒழுங்கு உடனே கிடைத்துவிடாது. லினக்ஸ் பல வேலைகளைக் கவனிக்கும் இல்லத்தலைவி போன்றது. நம் நிரலை இடையில் நிறுத்திவிட்டு வேறு வேலைக்குச் சென்று வரும். அந்தச் சில மைக்ரோ வினாடிகளில் பின் அசையாது நிற்கும். ஆகவே காலம் துல்லியமாக அமைய வேண்டிய வேலையை, அதற்கென்றே உள்ள வன்பொருளிடமோ தனியொரு மைக்ரோகன்ட்ரோலரிடமோ ஒப்படைப்பதே முறை. விரைவு வேறு, காலந்தவறாமை வேறு.

இந்த இரண்டாவது பாடத்தையும் ஜகதீசர் வாழ்விலேயே காணலாம். தொட்டாற்சுருங்கிச் செடி தூண்டுதலுக்கு எத்தனை நேரத்தில் அசைகிறது என்று அளக்க விரும்பினார். புகை படிந்த கண்ணாடியில் கோடு வரையும் மெல்லிய நெம்புகோலைப் பயன்படுத்தினால், கண்ணாடியின் உராய்வே செடியின் சிறு அசைவை விழுங்கிவிடும். எனவே நெம்புகோலை மின்காந்தத்தால் ஒரே சீராக அதிரச் செய்து, கண்ணாடியைத் தொடர்ந்து உரசாமல், வினாடிக்கு இத்தனை முறை எனத் தொட்டு விலகுமாறு அமைத்தார். கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகள் விழுந்தன. உராய்வும் நீங்கியது, இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரமே காலத்தின் அளவுமாயிற்று. செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியும் இவ்வரிசையில் வந்ததே.

இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு அவர் சென்றதும் கோகியரரின் வழியாகத்தான். ஓயாது வேலை செய்த உணர்கருவி மெல்ல மெல்லத் தளர்வதையும், ஓய்வு தந்தபின் மீள்வதையும் அவர் கவனித்தார். உலோகத்துக்கும் களைப்பு உண்டோ என்று வினவினார். 1901இல் இலண்டனில் இக்கருத்தை வெளியிட்டபோது உடலியல் அறிஞர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். அவருடைய பிற்காலக் கொள்கைகள் அனைத்தும் இன்று ஏற்கப்பட்டுவிட்டன என்று சொல்ல இயலாது. ஆனால் அவர் செய்த கருவிகளின் நுட்பத்தை மறுப்பார் இல்லை.

காப்புரிமை என்னும் கேள்வி

1901இல் இலண்டனில் இருந்தபோது, தந்தித் தொழில் செய்யும் செல்வர் ஒருவர் காப்புரிமை பெற்றுப் பொருளீட்டலாம் என அவரை அணுகினார். ஜகதீசர் மறுத்துவிட்டார். அறிவு அனைவருக்கும் உரியது என்பது அவர் கொள்கை. அமெரிக்கக் காப்புரிமைகூடச் சகோதரி நிவேதிதை, திருமதி சாரா புல் ஆகியோரின் வற்புறுத்தலால் பெறப்பட்டதே; அதிலிருந்து பொருள் ஈட்ட அவர் முற்படவில்லை. 1917 நவம்பர் 30ஆம் நாள் கல்கத்தாவில் அவர் நிறுவிய போஸ் ஆராய்ச்சி நிலையத்திலும் காப்புரிமை பெறுவதில்லை என்பதையே கொள்கையாக வைத்தார்.

இது சரியா என்று நண்பர்களிடையே நான் வாதிட்டதுண்டு. காப்புரிமை பெற்றிருந்தால் அவர் பெயர் வானொலி வரலாற்றில் முதல் பக்கத்தில் நின்றிருக்கும் என்பர் சிலர். இருக்கலாம். ஆயினும் இன்று நாம் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தும் லினக்ஸ், உலகெங்கும் உள்ள பல்லாயிரவர் தம் உழைப்பை மறைக்காமல் திறந்து வைத்ததால் அன்றோ வளர்ந்தது? பின்னை வேகமாக அசைக்கும் வழியை நான் கற்றதும், முன்பின் அறியாத எவரோ எழுதித் திறந்து வைத்த நிரலைப் படித்துத்தான். செஞ்சி போன்ற சிற்றூரில் வாழும் மாணவனுக்கு, பூட்டிய அறிவு எட்டாக்கனி. ஜகதீசர் இழந்த பொருளை எண்ணிப் பார்க்கிறேன். அவர் தந்த வழியையும் எண்ணிப் பார்க்கிறேன். தந்ததே பெரிது என்று என் உள்ளம் சொல்கிறது. ஆனால் கொடுத்தவர் பெயரை மறக்காமல் சொல்லும் கடமை, பெற்றுக்கொண்ட நமக்கு உண்டு.

முடிவுரை

ஜகதீசருக்கு 1917இல் சர் பட்டம் வந்தது. 1920இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிடி என்னும் ஊரில், எழுபத்தொன்பது வயது நிறைவதற்கு ஒரு வாரம் இருக்கையில் மறைந்தார்.

நம் ஆய்வுக்கூடத்தில் இது இல்லை, அது இல்லை என்று நாம் அடிக்கடி குறைபட்டுக்கொள்கிறோம். குறை உண்மைதான், கேட்டுப் பெறவும் வேண்டும். ஆனால் கிடைக்கும்வரை கைகட்டி நிற்பது ஜகதீசர் காட்டிய வழியன்று. சம்பளம் வராதபோதும் அவர் வகுப்பை நிறுத்தவில்லை. இடம் இல்லாதபோது அலையைச் சிறிதாக்கினார். கருவி இல்லாதபோது கால அட்டவணையைக் கருவியாக்கினார். அடுத்த முறை நம் கருவி மெதுவாக இயங்கினால், விலை உயர்ந்த வேறொன்றைத் தேடுமுன், தடை எங்கே நிற்கிறது, இடையில் எந்தச் சுத்தியல் வேலை செய்கிறது என்று பார்ப்போமாக. அதுவே அம்மேதைக்கு மாணவராகிய நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி ஆகும்.